குதிரையே இல்லாத ஊரில் குதிரை இழுவையைப் பாடமாக நடத்துவது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேளாண் தொழிற்கல்விப் பிரிவுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டுக் காடுகளில் பெரிய குதிரைகளைக் கட்டி, வெட்டிய மரத் தடிகளை இழுக்கிற வீடியோ ஒன்றைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து ஓயாமல் கேள்வி. மூன்று வகுப்பு நேரம் ஒதுக்கி இதைப் பாடமாக நடத்தலாமா, எங்கே தொடங்குவது, திருநெல்வேலியில் கல்யாண ஊர்வலத்துக்கு வரும் குதிரை ஒன்றை வாடகைக்குக் கூட்டிவந்து செய்து காட்டலாமா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாக நடத்தலாம் டீச்சர். ஆனால் குதிரையைக் கூட்டிவர வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் தாத்தா பாபநாசம் அடிவாரத்திலிருந்து செங்கோட்டை, தென்காசி மரவாடிகளுக்கு மாட்டுவண்டியில் தடி ஏற்றியவர். நான் வனவியல் படித்தேன். படிப்பின் ஒரு பகுதியாக வடக்கு சுவீடனில் ஒரு பனிக்காலம் இருந்தபோது, குதிரையை வைத்துத் தடி இழுக்கும் பெரியவர் ஒருவரோடு மூன்று வாரம் காட்டுக்குப் போய்வந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு இதை நாலைந்து பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் குதிரை ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊர்வலக் குதிரைக்கு முதுகில் ஆளை ஏற்றிப் பழக்கம், கொட்டுச் சத்தமும் பழக்கம். தனக்குப் பின்னால் ஒரு பொருள் மண்ணை உரசிக்கொண்டே துரத்தி வருவது அதற்குப் பழக்கமே கிடையாது. குதிரையின் சுபாவம் பயந்தால் ஓடுவது. ஓடினால் பின்னால் கட்டிய தடியும் ஓடி வரும். தடி வர வர பயம் கூடும். நிற்காது. தடி இழுக்கும் குதிரையைப் பழக்குகிறவர்கள் முதலில் வெறும் சங்கிலியை அதன் காதில் விழுகிற மாதிரி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அப்புறம் சின்னக் கொம்பு, அதற்கப்புறம் மெல்லிய தடி என்று வாரக்கணக்கில் போகும். அதை ஒரு மணி நேர வகுப்பில் செய்ய முடியாது. சுற்றி நாற்பது பிள்ளைகள் நிற்கிற மைதானத்தில் செய்யவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. கனமான இழுவைக் குதிரைகள் குளிர் நாட்டுப் பிறவிகள். பெல்ஜியன், பிரான்சின் பெர்ஷெரான், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல், இங்கிலாந்தின் ஷையர் எல்லாம் 700 கிலோவிலிருந்து ஒரு டன் வரை போகும். நம் வெயிலில் அவற்றை வேலை வாங்குவது பாவம். நம் சீமைக்கும் குதிரைக்கும் பழைய கதை ஒன்று இருக்கிறது, வகுப்பை அதிலிருந்தே தொடங்கலாம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ வந்து இறங்கிய காயல் துறைமுகம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயல் பக்கம். அன்றைக்கு மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது, கணக்கில்லாத பொன் கைமாறியது. வந்த குதிரைகளில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்தன என்று போலோ எழுதியிருக்கிறார். லாடம் கட்டவும் பராமரிக்கவும் தெரிந்த ஆள் இங்கே இல்லை, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அவர் சொன்னதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் ஒரு விலங்கை விலை கொடுத்து வாங்குவது வேறு, அதை வைத்துக் காப்பாற்றும் அறிவு வேறு என்பது பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

சரி, குதிரை வைத்துத் தடி இழுப்பது என்றால் என்ன வேலை? மரத்தை வெட்டுவது மனிதன். வெட்டிக் கிளை கழித்த தடியை, மரம் விழுந்த இடத்திலிருந்து லாரியோ டிராக்டரோ வந்து நிற்கும் பாதை வரைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் குதிரையின் வேலை. தூரம் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள். அதற்கு மேல் போனால் நேரமும் உயிரும் வீண். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெய்ன், மிச்சிகன், விஸ்கான்சின் பைன் காடுகளில் முதலில் எருதுகள்தான் இழுத்தன. அப்புறம்தான் நடை வேகம் கூடிய குதிரை வந்தது. அங்கே பனிக்காலப் பாதையில் இரவில் தண்ணீர் தெளித்து உறையவிடுவார்கள். விடிந்தால் பாதை கண்ணாடி மாதிரி இருக்கும். சறுக்கு வண்டியில் மலைபோல் தடி அடுக்கி, ஒரு சோடிக் குதிரை இழுத்துப் போய்விடும். பனி இல்லாத மாதங்களுக்கு மிச்சிகனில் பத்தடி உயரச் சக்கரம் இரண்டு போட்டு, தடியை இருசுக்கு அடியில் சங்கிலியில் தொங்கவிட்டு இழுத்தார்கள்.

இன்றைக்கு இது பெரும்பாலும் இயந்திரம் செய்கிற வேலை. குதிரை மிச்சமிருப்பது இளங்காட்டில் நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைத்துவிடும் இடங்களில், ஆற்றோர ஈர மண்ணில், பெரிய இயந்திரம் நுழைந்தால் நிற்கிற மரத்தின் பட்டை உரிந்துபோகும் இடங்களில். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் அதே பெயருள்ள குதிரை இன்னும் இந்த வேலையைச் செய்கிறது. இந்த இடத்தில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது, டீச்சர் கவனிக்க வேண்டும். "குதிரை மண்ணை அழுத்தாது" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். குளம்பு சின்னது, 700 கிலோ அந்த நாலு குளம்பில்தான் நிற்கிறது. குளம்பு பதிகிற இடத்தில் அழுத்தம் குறைவே இல்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. குதிரைக்கு ஒன்றரை மீட்டர் பாதை போதும். சக்கரத் தடம் போல நீளமான பள்ளம் விழாது, அதில் மழைத் தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடி மண்ணை அரிக்காது. திரும்ப இடமில்லாத இடத்திலும் அது நின்று திரும்பும். இந்த வித்தியாசத்தைச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். மொத்தத்தில் "இயற்கைக்கு நல்லது" என்று முடித்துவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று குளம்பைக் காட்டி மடக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சுவீடனில் முதல் நாள் நான் பார்த்தது இது. பழுப்பு நிற வடசுவீடன் குதிரை, நம் ரேக்ளா மாடு போல உருண்டு திரண்ட உடம்பு. தடியில் சங்கிலியை மாட்டினார் பெரியவர். குதிரை நேராக இழுத்தது, தடி அசையவில்லை. கீழ்ப்பக்கம் பனியில் உறைந்து ஒட்டியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை, வாரை ஓங்கவும் இல்லை. உதட்டைக் கூட்டி "ப்ட்ரோ" என்று ஒரு சத்தம், குதிரை நின்றுவிட்டது. அப்புறம் அதை இரண்டு எட்டு இடது பக்கம் நடத்தி, சங்கிலி தடிக்குக் குறுக்காக வரும்படி நிறுத்தினார். மெல்ல ஒரு சொல். குதிரை முன்னால் சாய்ந்தது. தடியின் தலை பக்கவாட்டில் புரண்டு, பனி உடைகிற சத்தத்தோடு விடுபட்டது. விடுபட்ட அந்த நொடியிலேயே குதிரை நேராகத் திரும்பிக்கொண்டது. யாரும் திருப்பவில்லை, அதற்கே தெரிந்திருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏனென்றால் பத்து வயதில் பாபநாசம் பக்கத்துத் தோப்பு ஒன்றில் இதையே பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்த மருதத் தடி, புதிதாக வந்த பையன் ஒருவன் மாட்டை அடித்துக்கொண்டிருந்தான். தாத்தா போய் அவன் கையிலிருந்த கம்பைப் பிடுங்கினார். "மாட்ட ஏம்ல அடிக்க? தடி மண்ணக் கவ்விக் கெடக்கு. மொதல்ல தடியத் திருப்பு. மாட்டப் பக்கவாட்டுல வாங்குலே" என்றார். வாங்கினான், தடி புரண்டு வந்தது.

மூன்று வகுப்பிலும் பிள்ளைகளுக்கு நான் புரியவைக்க நினைப்பது இந்த ஒன்றைத்தான். விலங்கின் பலத்தைக் கூட்டுவது நம் கையில் இல்லை. பாரத்தின் பிடியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. தடி இழுப்பில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அதுதான். மரத்தை எந்தப் பக்கம் விழவைப்பது, எந்த முனையில் சங்கிலி மாட்டுவது, பாதை எங்கே போவது, எந்தக் குற்றியை முதலில் தோண்டி எடுப்பது என்று எல்லாமே விலங்கு வருவதற்கு முன்னாலேயே மனிதன் யோசித்து முடிக்க வேண்டிய வேலை.

இதைச் செய்து காட்டுவது சுலபம். இரண்டடிச் சுற்றளவு, ஆறடி நீளமுள்ள வேப்பந்தடி ஒன்று மரம் அறுக்கும் மில்லில் கிடைக்கும். பச்சையாக இருந்தால் ஐம்பது கிலோவை ஒட்டி வரும். வாழைத்தார் எடை போடும் தொங்கு தராசு ஒன்று வேண்டும், களக்காடு பக்கம் எந்த வாழை வியாபாரியிடமும் இருக்கும். தடியின் முனையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் தராசின் கொக்கி, தராசின் வளையத்தில் இன்னொரு கயிறு. அதை இரண்டு பிள்ளைகள் சீராக இழுக்க, ஒருவர் பக்கத்தில் நடந்தபடியே தராசைப் படிக்க வேண்டும்.

முதலில் மைதானத்து மண்ணில் நீளக் கயிறு போட்டுத் தட்டையாக இழுக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது முள் எகிறும், நகரத் தொடங்கியதும் இறங்கி ஒரு இடத்தில் ஆடும். ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு என்று புத்தகத்தில் படித்ததைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் பார்ப்பார்கள். மண்ணைப் பொறுத்து, நகரும்போது தடியின் எடையில் பாதியை ஒட்டி இழுக்க வேண்டியிருக்கும். அடுத்து கயிற்றைக் குட்டையாக்கி, முன்முனை லேசாகத் தூக்கும்படி இழுக்கச் சொல்லுங்கள். முள் இறங்கும். அப்புறம் தள்ளுவண்டியின் சக்கரமும் இருசும் மட்டும் கொண்டுவந்து, தடியின் தலையை அதன்மேல் கட்டி, வால் மட்டும் மண்ணில் இழுபடும்படி செய்யுங்கள். முதல் அளவில் ஏறக்குறைய பாதிதான் காட்டும். தாத்தா காலத்து வண்டிக்காரர்கள் குறுகலான பாதையில் இப்படித்தான் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டில் குதிரைக்குப் பின்னால் கட்டும் வளைவான இரும்புச் சட்டமும் இதே காரியத்தைத்தான் செய்கிறது.

கடைசியாகப் பனி. திருநெல்வேலியில் பனிக்கு எங்கே போவது என்று நானும் முதலில் யோசித்தேன். வாழைமட்டை இருக்கிறதே! தார் வெட்டிய வாழையின் மட்டைகளை உரித்து, உட்புறம் மேலே தெரியும்படி இருபதடிக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்துவிடுங்கள். அதன்மேல் தடியை இழுக்கும்போது பிள்ளைகள் கத்துகிற சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். தராசு முள் அப்படிச் சரியும். தென்னம்பாளையில் உட்கார்ந்து சறுக்கி விளையாடியவர்களுக்கு விஷயம் உடனே புரிந்துவிடும். சுவீடன்காரரும் மிச்சிகன்காரரும் பனிக்காலத்துக்காக ஏன் காத்திருந்தார்கள் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மண் உறைந்து கிடப்பதால் காட்டுத் தரைக்கும் காயம் இல்லை என்பதை மட்டும் நீங்கள் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் வருடம் ஒரு பள்ளியில் நான் பழைய தென்னங்கயிற்றைச் சோதிக்காமல் கட்டிவிட்டேன். பன்னிரண்டு பையன்கள் ஒன்றாக இழுத்தார்கள், கயிறு அறுந்தது. எல்லோரும் மல்லாக்க விழுந்தார்கள், ஒருவனுக்கு முழங்கை தோல் முழுக்க உரிந்துவிட்டது. அறுந்த முனை யார் முகத்திலும் படாதது அன்றைய அதிர்ஷ்டம். அதிலிருந்து புது நைலான் வடம்தான். இழுக்கிறவர்கள் மூன்று பேருக்கு மேல் கிடையாது. கயிற்றின் நேர்க்கோட்டில் வேடிக்கை பார்க்க யாரையும் நிற்கவிடுவதில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சரிவில் தடிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நடக்கக் கூடாது. தடிக்கும் நிற்கிற மரத்துக்கும் நடுவில் கால் வைக்கவே கூடாது. குதிரையோடு வேலை செய்கிறவர்கள் உயிரோடு திரும்பி வரக் கடைப்பிடிக்கும் விதிகளும் இவைதான். அதனால் இவற்றைத் தனியாகப் பாடம் எடுக்காமல், தடியைத் தொடும்போதே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

இரண்டாவது வகுப்பு நேரம் கழுத்தைப் பற்றியது. பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்: நுகத்தடியைக் குதிரைக்குப் போட்டால் என்ன? மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகம் திமிலுக்கு முன்னால் உட்கார்ந்து, மாடு தலையைத் தாழ்த்தித் தள்ளும்போது திமிலை முட்டி நிற்கும். குதிரைக்குத் திமில் கிடையாது, நீண்ட கழுத்து மேல்நோக்கி எழுகிறது. அதற்குக் கழுத்தில் வாரைக் கட்டிப் பாரம் இழுக்கச் சொன்னால், வார் மேலேறிக் குரல்வளையை நெரிக்கும். பலமாக இழுக்க இழுக்க மூச்சு அடைக்கும். அதனால் குதிரைக்கு வைக்கோல் திணித்த தடித்த தோல் வளையம் ஒன்றைத் தலைவழியாக மாட்டித் தோள்பட்டையில் உட்காரவைக்கிறார்கள். காலர் என்று பெயர். அதன் இரண்டு பக்கமும் பிடித்த கட்டைகளிலிருந்து இழுவைச் சங்கிலி கிளம்பும். பாரம் முழுவதும் தோள் எலும்பில் இறங்குமே தவிர குரல்வளையில் படாது. சீனாவில் தொடங்கி, ஐரோப்பாவுக்கு 9, 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் பரவிய பொருள் இது. அது வந்த பிறகு அங்கே குதிரை உழவுக்கும் கனமான பாரத்துக்கும் பரவலாக வந்தது.

பிள்ளைகளுக்கு ஒரே சொல்லில் விளங்கவைக்க வேண்டுமென்றால், காலர் என்பது தோளுக்கு வைத்த சும்மாடு. ஒரு பிள்ளையை மெல்லிய கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு அதே தடியை இழுக்கச் சொல்லுங்கள். அடுத்து நாலாக மடித்த துண்டைக் கயிற்றுக்கு அடியில் வைத்து இழுக்கச் சொல்லுங்கள். கழுத்தில் மட்டும் விளையாட்டுக்குக்கூடப் போட விடாதீர்கள். காலர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க சுவீடன் பெரியவர் தினமும் செய்தது ஒன்று. குதிரையின் தொண்டைக்கும் காலரின் அடிவளைவுக்கும் நடுவில் உள்ளங்கையைத் தட்டையாக நுழைப்பார். கை வசதியாகப் போய் வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் மூச்சு முட்டும், ரொம்பத் தளர்வாக இருந்தால் காலர் ஆடி ஆடித் தோள் புண்ணாகும். மாலையில் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பார்ப்பார். எல்லா இடமும் ஒரே சீராக நனைந்திருந்தால் திருப்தியாகத் தட்டிக்கொடுப்பார். நடுவில் ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே அழுத்தம் கூடியிருக்கிறது என்று காலரைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். நம் வண்டிக்காரர்கள் மாலையில் மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்து வேப்பெண்ணெய் போடுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

கணக்குப் பிடித்த பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. மரவாடியில் தடி அளக்கும் முறையை முதலில் சொல்லிக்கொடுங்கள். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். நாலடிச் சுற்றளவு, பத்தடி நீளத் தடிக்கு 10 கன அடி வரும். இதையே வட்டத்தின் பரப்பை வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 12.73 வரும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது! அறுக்கும்போது கழிவாகப் போவதை முன்கூட்டியே கழித்துவிடும் பழைய வியாபார வழக்கம் அது. ஆனால் இழுக்கிற விலங்குக்குக் கழிவு கிடையாது, அது 12.73-ஐயும் இழுத்தாக வேண்டும்.

அந்தத் தடி பச்சையாக இருந்தால் 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் தட்டையாக இழுக்க 175 கிலோ இழுப்பு, தலையைத் தூக்கிவிட்டால் 90-ஐ ஒட்டி, இறுகிய பனியில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் 35. இழுவை விலங்கு ஒன்று நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும்போது, தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இழுக்கும் என்பது பழைய கணக்கு. 700 கிலோ குதிரைக்கு 70 கிலோ. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து இதைப்போலப் பல மடங்கு இழுக்கும், ஆனால் அப்புறம் நின்று இளைப்பாற வேண்டும். இப்போது மூன்று எண்ணையும் 70-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது குதிரையை முறிக்கும், எது சிரமப்பட்டுப் போகும், எது நாளெல்லாம் போகும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதே 70 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் நடையில் இழுத்தால் 686 வாட். ஜேம்ஸ் வாட் குறித்த ஒரு குதிரைத்திறன் 746 வாட். மோட்டார் பம்புசெட்டில் தினமும் படிக்கிற "ஹெச்.பி." எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரியும். 400 கிலோ காளைகள் இரண்டு சேர்ந்தால் 80 கிலோ இழுப்பு வரும், ஆனால் நடை மெதுவானதால் வாட் குறைவு. மாடு மட்டமா என்று ஒரு பையன் என்னிடம் கோபமாகவே கேட்டான். இல்லை. சேற்றிலும் குண்டு குழியிலும் பதறாமல் நிற்பதில் மாட்டுக்கு ஈடு கிடையாது. வைக்கோலிலேயே ஓடிவிடும், குதிரைக்குத் தானியமும் வேண்டும். எந்த மண்ணுக்கு எது பொருந்துமோ அது.

யானையைப் பற்றியும் கேள்வி வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். நம் மாநிலத்தில் ஆனைமலையில் தேக்குத் தடியை யானைகள் இழுத்தன. உச்சியிலிருந்து தடியைச் சறுக்கிவிட்ட இடம்தான் டாப்சிலிப் என்ற பெயரோடு நிற்கிறது. நம் மாஞ்சோலைக்கும் இதில் ஒரு ஒட்டு இருக்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்த பம்பாய் பர்மா கம்பெனி, அதற்கு முன்பே பர்மாவில் யானைகளை வைத்துத் தேக்கு எடுத்த கம்பெனி.

இன்றைக்கு நம் மேற்கு மலையில் தடி இழுக்கும் பேச்சே கிடையாது. களக்காடு முண்டந்துறை 1988-இலிருந்து புலிகள் காப்பகம். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் கொடுத்த உத்தரவு தமிழ்நாட்டுக் காடுகளில் தானாக வளர்ந்த மரங்களை வெட்டுவதை நிறுத்தியது. அதனால் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பட்டா நிலத்துத் தேக்கு, சவுக்கு, தைல மரம் வைத்திருக்கும் யாருடைய தோட்டமாவது போதும். இல்லையென்றால் செங்கோட்டை மரவாடி ஒன்றுக்குப் போய் வாருங்கள்.

மூன்றாவது வகுப்பு நேரத்தில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "விலங்கை இப்படி வேலை வாங்கலாமா சார்?" என்னிடம் ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் பின்வரிசையில் அமைதியாக இருக்கிற பெண்பிள்ளைதான் கேட்கும். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. வேலை செய்யும் விலங்குக்கு வேலை கொடுமை கிடையாது. அளவு மீறிய பாரமும், புண்ணான கழுத்தும், நடுவெயிலும்தான் கொடுமை. நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. ஆணி வைத்த கம்பால், அதாவது தார்க்குச்சியால், குத்தக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலை நினைத்துக்கொண்டு அந்த 37 டிகிரியைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். தார்க்குச்சி அவர்கள் வீட்டிலேயே எரவாணத்தில் சொருகியிருக்கலாம்.

கிழடான பிறகு அவை என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். குதிரை இருபத்தைந்து வருடம் வரை இருக்கும், கடைசிச் சில வருடங்கள் வேலைக்கு ஆகாது. சிலர் கடைசிவரை வைத்துத் தீனி போடுவார்கள், பல நாடுகளில் அடிமாடு மாதிரியே அதுவும் இறைச்சிக்குப் போகும். நம் வண்டிமாடுகளும் சந்தை வழியாக எங்கே போயின என்று பிள்ளைகளுக்குத் தெரியும். என் தாத்தா ஒரு சோடியை மட்டும் விற்கவில்லை, தொழுவத்திலேயே வைத்திருந்தார். மற்றவற்றை விற்றார், விற்ற அன்றைக்கு வீட்டில் சாப்பிடமாட்டார். இரண்டையும் நான் சொல்வேன்.

கடைசியாக, உயிருள்ள விலங்கு ஒன்றை வகுப்புக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றால், கல்லிடைக்குறிச்சி, கடையம், ஆழ்வார்குறிச்சி பக்கம் இன்னும் வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி யாரையாவது அவருடைய மாடுகளோடு அழையுங்கள். வேறு யாரும் அந்த மாடுகளைப் பூட்டக் கூடாது, அவர் மட்டும்தான். ஒரு வாரம் முன்னதாகவே போய்ப் பேசுங்கள், மாடுகளுக்குக் கழுத்துப் புண் இருக்கிறதா என்று பாருங்கள், லாடம் தேய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து கூட நின்றால் இன்னும் நல்லது. கேட்டுப் பாருங்கள்.

அண்ணாச்சிக்கு அன்றைய நாள் கூலியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள், வெறும் சால்வையோடு அனுப்பாதீர்கள். காலை ஏழரைக்கே தொடங்கி பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மாடுகள் நிற்க வேப்பமர நிழலும், மாட்டுக்கு இரண்டு குடம் தண்ணீரும் முதலிலேயே தயாராக இருக்கட்டும். பிள்ளைகள் வரிசையில் நிற்பது அவருக்கு இடது பக்கமா வலது பக்கமா என்பதை அவரே சொல்லட்டும். அவருடைய இடப்பக்க மாடு எதற்கு மிரளும் என்பது அவருக்குத்தான் தெரியும்.